வேரடியிலே ஒரு வாழ்வு

நீர் தேங்கிய தரவைகளின் ஓரத்திலும், ஊருக்குப் புறம்பான சுடலைப் பக்கத்திலும், இரவு வேளையில் ஒளியொன்று தோன்றித் தோன்றி மறைவதைக் கண்டதாக நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதற்குக் கொள்ளிவாய்ப் பேய் என்று அவர்கள் பெயரிட்டார்கள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் வாயுவே அதற்குக் காரணம் என்று பின்வந்த படித்தவர்கள் விளக்கம் கூறினார்கள். விளக்கம் வந்தது, பேய் போயிற்று. ஆனால், விளக்கம் வந்த பின்னரும் பேய் என்ற பெயரை விடாது தாங்கி வாழும் சிற்றுயிர் ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

இங்கிலாந்து தேசத்துப் புல்வெளி ஒன்றிற்கு மனத்தினாற் சென்று வருவோம். யூன் மாதத்து அந்திப்பொழுது. கோடை காலமாகையால் சூரியன் மறைந்த பின்னரும் வெளிச்சம் உடனே அகலவில்லை. புல்லுக்குச் சற்று மேலே வெள்ளை வெளேரென்ற சிறு உருவங்கள் சில எழுகின்றன. அவை எங்கும் பறந்து செல்வதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நூலிலே கட்டித் தொங்கவிட்டாற் போல, நின்ற இடத்திலேயே நின்று, மணிக்கூட்டின் ஊசல் போல இங்குமங்கும் ஆடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் ஆட்டம் ஓய்ந்து விடுகின்றது. உருவங்கள் புல்லுக்குள்ளே அமிழ்ந்து மறைகின்றன. தனி வழியே வீடு திரும்பும் ஒருவன் இதனைக் கண்டால் நடையை விரைவுபடுத்துவான் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலேயர் இதற்குப் பேய் அந்துப்பூச்சி என்று பெயரிட்டது பொருத்தமே.

அவ்வாறு ஆடுபவை ஆண் பூச்சிகள். அவற்றின் சிறகுகளின் மேற்புறம் தூய வெண்மையானது. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆகும். பெண் பூச்சி அதனினும் சற்றுப் பெரியது. மஞ்சள் நிறத்தின் மேற் செம்மஞ்சட் கோலங்கள் கொண்டது. நம்முடைய புராணக் கதைகளிலே சுயம்வர மண்டபத்தில் அரசகுமாரர் வரிசையாக வீற்றிருக்க, இளவரசி மாலையுடன் வருவாள் அன்றோ? இங்கே ஆண் பூச்சிகள் கூட்டமாகக் கூடி ஆட, பெண் பூச்சி அவ்விடத்தை நாடி வருகின்றது. மாலை இடுவதற்கு முன் ஆட்டத்தைப் பார்த்துக் கொள்கின்றது போலும்.

இந்தப் பூச்சியினுடைய உடலமைப்பிலே வியப்பான செய்தி ஒன்று உண்டு. சிறகு முளைத்த பின்னர் அது எதனையும் உண்பதில்லை. அதன் வாயுறுப்புகள் வளர்ச்சி குன்றிப் பயனற்றவையாக உள்ளன. பூவிலே தேன் தேடுவதும் அதற்கு இல்லை. சில நாள் பறந்து, துணை தேடி, முட்டையிட்டு, மாண்டு போகின்றது. முதல் மழை பெய்த மாலையிலே புற்றிலிருந்து கிளம்பி விளக்கை மொய்த்து, விடியுமுன் சிறகுதிர்ந்து கிடக்கும் ஈசலை நாம் அறிவோம். அற்ப ஆயுளுக்கு ஈசலை உவமை சொல்வது நம் வழக்கம். பேய் அந்துப்பூச்சியையும் அதே வரிசையிற் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆயின், அவ்வாறு சேர்த்தால் நாம் ஒரு பெருந்தவறு செய்தவராவோம்.

உண்ணாத பூச்சிக்கு உடம்பு எங்கிருந்து வந்தது? சிறகுக்கு வேண்டிய சத்தும், முட்டைக்கு வேண்டிய கொழுப்பும் எங்கே சேர்ந்தன? விடை புல்லின் மேலே இல்லை; புல்லின் அடியிலே இருக்கின்றது. பெண் பூச்சி தன் முட்டைகளை ஓரிடத்தில் ஒட்டி வைப்பதில்லை. விதைக்காரன் நெல் வீசுவதைப் போலப் பறந்து கொண்டே நூற்றுக்கணக்கில் அவற்றைச் சிதறிவிடுகின்றது. முட்டையிலிருந்து வெளிப்படும் குடம்பி, அதாவது புழு, மண்ணுக்குள் இறங்குகின்றது. புல்லின் வேரையும் பூண்டுகளின் வேரையும் கடித்துத் தின்று அங்கேயே வளர்கின்றது. வெண்ணிறமான உடல், செம்பழுப்பான தலை. மேலே உறைபனி மூடினாலும் வெயில் காய்ந்தாலும் அது வெளியே வருவதில்லை. இவ்வாறு இரண்டு ஆண்டு, சில வேளை மூன்று ஆண்டு கழிகின்றது. அதன் பின்னரே மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஒரு கோடையின் அந்தியிலே சிறகுடன் எழுகின்றது.

ஆகவே, கணக்கைச் சரியாகப் பார்ப்போமானால், இவ்வுயிரின் வாழ்வு வேரடியிலே நடைபெறுகின்ற நெடுங்கால வாழ்வாகும். வெளியிலே நாம் காணும் வெள்ளை ஆட்டம் அவ்வாழ்வின் கடைசி அரைப்பக்கம் மாத்திரமே. அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு நூல் முழுவதற்கும் பெயரிட்டு விட்டோம்.

சுவீடன் தேசத்து அறிஞர் இலின்னேயசு 1758ஆம் ஆண்டில் இப்பூச்சிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய பொழுது, பேயை நினைக்கவில்லை, வேரையே நினைத்தார். பியர் என்னும் பானத்திற்குக் கசப்புச் சேர்க்கும் கொப்புக் கொடியின் வேரை இப்புழு அரிப்பதால், அக்கொடியின் பெயரான உமுலசு என்பதிலிருந்தே உமுலி என்ற பெயரைப் பெற்றது. தோட்டக்காரனுக்கு அந்தியிலே ஆடும் வெண்சிறகால் எவ்வித இழப்பும் இல்லை. காரணம் தெரியாமல் வாடும் கொடியே அவனுக்குக் கவலை தந்தது.

பிரித்தானியாவுக்கு வடக்கே செற்லாந்துத் தீவுகளில் இதே இனத்தைக் காணலாம். அங்கே ஆண் பூச்சிகளிற் பல வெண்மையாக இல்லை. பெண்ணைப் போல மங்கிய நிறத்துடன் இருக்கின்றன. வட திசையில் வெகு தூரம் சென்றுவிட்டமையால், அங்கே கோடை இரவு முழுமையாக இருள்வதில்லை. வெளிச்சம் நீடிக்கும் அந்நிலத்தில் வெண்சிறகு, இரை தேடும் கடற்பறவைகளின் கண்ணுக்கு எளிதில் அகப்படும். ஆதலினாலே மங்கல் நிறம் அங்கே நிலைத்தது என்பது ஆய்வாளர் கருத்து. பேய்க்கும் இருட்டு வேண்டும் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். பிரித்தானியாவின் பிற பகுதிகளில் இன்னும் பரவலாகக் காணப்பட்டாலும், இவ்வினத்தின் தொகை விரைந்து குறைந்தமையால், ஆராயப்பட வேண்டிய அந்துப்பூச்சிகளின் பட்டியலில் 2007ஆம் ஆண்டில் இதுவும் சேர்க்கப்பட்டது.

பேய் அந்துக் குடும்பம் பெரியது. அறுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உலகில் உள்ளன. இலங்கையிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை சில உண்டு. அந்துப்பூச்சிகளின் மரபிலே மிகப் பழைய கிளைகளுள் இஃது ஒன்று என்பர். எனினும் தேசத்துக்குத் தேசம் மனிதர் இக்குடும்பத்தை நோக்கும் நோக்கு வேறுபடுகின்றது. நியூசிலாந்திலே பொரினா எனப்படும் இதன் புழுக்கள் மண்ணிலே வளை தோண்டி வாழ்ந்து, இரவிலே வெளிவந்து புல்லை மேய்கின்றன. குடியேறிய மக்கள் பழைய புல் நிலங்களை மாற்றி ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் நிலம் ஆக்கிய பின்னர் அவை பகையாயின. புழுவுக்கு அது காலங்காலமாக உண்ட சோறு; கமக்காரனுக்கோ அது களவு.

அவுஸ்திரேலியாவிலே மழை அந்துப்பூச்சி என்று ஓரினம் உண்டு. அதன் புழு ஆற்றோரத்துச் செம்பிசின் மரமாகிய யூக்கலிப்ரசின் வேரை உண்டு மண்ணுக்குள் நெடுங்காலம் வாழும். இலையுதிர் காலத்து மழை பெய்து மண் நனைந்தவுடன், நம் ஈசலைப் போலவே, அப்பூச்சி மண்ணைத் துளைத்து எழும். அதன் பெண் பூச்சி ஒன்று 29,000க்கு மேற்பட்ட முட்டைகளை இட்டதாகப் பதிவு உள்ளது. அத்தனையும் மண்ணிலே சிதறிப் போகின்றன. அவற்றுள் எத்தனை வேரைக் கண்டடையும் என்பது இயற்கையின் கணக்கு. அந்நாட்டு ஆதிக்குடிகள் இத்தகைய புழுக்களைத் தோண்டியெடுத்து உணவாகக் கொண்டார்கள். இப்பூச்சிகளை 1932ஆம் ஆண்டு முதலாக விரிவாக ஆராய்ந்து எழுதியவர் நோமன் ரின்டேல் என்பவர். அடிலெயிட் நகரத்து நூதனசாலையிற் பணியாற்றிய அவர், ஆதிக்குடிகள் எந்த நிலத்துக்கு உரியவர் என்பதை வரைபடமாகத் தீட்டிப் புகழ் பெற்றவருமாவார். மண்ணுக்கும் உயிருக்கும் உள்ள உறவை இரு வழியாலும் தேடிய மனிதர் அவர்.

ஓரிடத்திற் பகை, ஓரிடத்தில் உணவு என்று கண்டோம். இனி இவ்வுயிர் பொன்னாக மாறிய இடத்துக்குச் செல்வோம். அதுவே இன்றைய பேச்சின் முக்கியமான பகுதி.

இமயமலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் திபெத்து மேட்டு நிலத்திலும், 3,000 மீற்றருக்கும் 5,000 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரங்களிலே, பேய் அந்துக் குடும்பத்து இனங்கள் பல வாழ்கின்றன. அவற்றின் புழுக்களும் மலைப்பூண்டுகளின் வேரை உண்டு, குளிரான மண்ணுக்குள் சில ஆண்டுகளைக் கழிப்பவை. அப்புழுவுக்கு அங்கே பங்கசு ஒன்று எமனாக வந்து சேர்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்திகள் மண்ணிலே கலந்து புழுவைப் பற்றுகின்றன. பங்கசு புழுவின் உடலுக்குள் நூல் நூலாகப் பரந்து, தோலை மாத்திரம் விட்டு, உள்ளே இருந்தவற்றை உண்டு நிறைகின்றது. மாரி காலத்திலே புழு மண்ணின் மேற்பரப்பை அண்மித்து, தலை மேலாக நின்றபடி இறந்து போகின்றது. பனி உருகும் காலத்தில் இறந்த புழுவின் தலையிலிருந்து பழுப்பு நிறமான சிறு தண்டு ஒன்று, விரலிலும் மெல்லியதாக, மண்ணுக்கு வெளியே நீளுகின்றது. அதுவே பங்கசின் கனியுடல். திபெத்தியர் இதற்கு யார்சா குன்பு என்று பெயரிட்டார்கள். கோடையிலே புல், மாரியிலே புழு என்பது அதன் பொருள். நேபாளத்தில் இதனை யார்சாகும்பா என்கின்றனர்.

இது புதிய பண்டம் அன்று. 1439 முதல் 1475 வரை வாழ்ந்த ஞம்ஞி தோர்ஜே என்னும் திபெத்திய வைத்தியர் இதனை வலிமை தரும் மருந்தாகக் குறிப்பிட்டிருக்கின்றார். 1843ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாதிரியாரும் தாவரவியலாளருமான மைல்சு பேர்க்கிளி இதற்கு விஞ்ஞான விவரணம் எழுதினார். நூற்றாண்டுகளாகச் சீன வைத்தியத்தில் இதற்கு இடம் இருந்தது. 1993ஆம் ஆண்டில் சீன ஓட்ட வீராங்கனைகள் உலக சாதனைகளை முறியடித்த பொழுது, அவர்களின் பயிற்றுநர் தம் மாணவியர் உண்ட பொருள்களுள் இதுவும் ஒன்று என்று கூறினார். அதன் பின்னர் செல்வர் வீட்டு விருந்திலும், மேலதிகாரிகளுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டியிலும் இஃது இடம் பெற்றது. விலை ஏறியது, ஏறி ஏறி, எடைக்கு எடை பொன்னையும் மிஞ்சியது.

விலை ஏறினால் மனிதர் மலையேறுவர். நேபாளத்தில் 2001ஆம் ஆண்டிலே இதனைச் சேகரிப்பதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. மே, யூன் மாதங்களில் மலையடிவாரத்துக் கிராமங்கள் வெறுமையாகின்றன. ஆண், பெண், முதியோர், சிறுவர் யாவரும் கூடாரங்களுடன் மேலே செல்கின்றனர். புல்லின் இடையே நீட்டிக் கொண்டிருக்கும் தண்டு பழுப்பு நிறமானது, சின்னஞ்சிறியது. நின்று பார்த்தால் தெரியாது. ஆகவே, முழங்காலும் கையும் ஊன்றித் தவழ்ந்து, நிலத்தோடு முகத்தை வைத்துத் தேடுகின்றார்கள். கண்டவுடன் சிறு கருவியால் மண்ணைக் கிளறிப் புழுவோடு சேர்த்து எடுக்கின்றார்கள். ஒரு கிலோகிராமுக்கு இவ்வாறு ஆயிரக்கணக்கான புழுக்கள் வேண்டும். பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் உயிர் இழந்தோர் உளர். புல்வெளியின் உரிமைக்காக எழுந்த பகையினால், 2009ஆம் ஆண்டில் நேபாளத்து மனாங் மாவட்டத்திலே வேற்று மாவட்டத்திலிருந்து வந்த எழுவர் கொல்லப்பட்டனர். வேரடியிலே கிடந்த ஒரு புழு, அயலவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்து விட்டது.

பாடசாலை ஒன்றின் அதிபர் என்ற முறையிலே என் மனத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. நேபாளத்தின் டொல்பா மாவட்டத்தில் இந்தப் பருவம் வந்தவுடன் பாடசாலைகள் மூடப்படுவது வழக்கம். மாணாக்கர் மலைக்குச் செல்கின்றனர், ஆசிரியரும் செல்வதுண்டு. சிறுவரின் கண் கூர்மையானது. அவர்கள் உயரமும் குறைவு. ஆகவே தவழ்ந்து தேடும் தொழிலுக்கு அவர்களே வல்லவர் என்று பெரியோர் கருதுகின்றனர். நம் நாட்டிலும் வெங்காயம் பிடுங்கும் காலத்திலும் சூடடிக்கும் காலத்திலும் வரவு இடாப்பிலே வெற்றிடங்கள் விழுவதை நான் கண்டிருக்கின்றேன். அவ்வெற்றிடத்தைக் கண்டு பிள்ளையைக் கோபிப்பது எளிது. அந்த வீட்டின் அடுப்பை நினைத்தவுடன் கோபம் அடங்கிவிடும்.

டொல்பாவின் நிலையும் அதுவே. உத்தம் பாபு சிரேட்டா, கமல்சித்து பாவா என்னும் ஆய்வாளர் இருவரும் அம்மாவட்டத்துக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தபோது, காசாகக் கைக்கு வரும் வருமானத்திற் பாதிக்கு மேல் இப்புழுவினாலே கிடைப்பது தெரியவந்தது. அரிசி வாங்குவதும், கடன் தீர்ப்பதும் அந்தக் காசிலே. பிள்ளையின் புத்தகமும் பாடசாலைச் செலவும் கூட அந்தக் காசிலேயே நடைபெறுகின்றன. படிப்பை நிறுத்திவிட்டுச் சேர்க்கும் பணத்தினாலேயே படிப்பு நடைபெறும் நிலை அது. அம்மக்களைப் பேராசைக்காரர் என்று இங்கிருந்து சொல்லிவிடுவது நீதியாகாது.

ஆயினும் புல்வெளி தன் கணக்கை மறப்பதில்லை. அதே ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, டொல்பாவிலே ஒருவர் ஒரு பருவத்தில் எடுத்த தொகை சராசரியாக 2006ஆம் ஆண்டில் 260 அளவிலிருந்து, 2010ஆம் ஆண்டில் 125 அளவுக்கு இறங்கியது. நான்கே ஆண்டில் பாதிக்கும் குறைவு. 2018ஆம் ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆய்வு, சீனம், நேபாளம், பூட்டான், இந்தியா ஆகிய நாடுகளின் செய்திகளைத் திரட்டி, அளவுக்கு மிஞ்சிய சேகரிப்பும் மலையின் வெப்பம் கூடி வருவதும் சேர்ந்தே இப்பங்கசைக் குறைக்கின்றன என்று கூறியது. குளிரை நம்பி வாழும் உயிருக்குக் குளிர் குறைவதே ஆபத்து. 2020ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனங்களின் வரிசையிலே சேர்த்தது.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். பங்கசு பற்றிய புழு எவ்வாறாயினும் இறந்த புழுவே. அதனை எடுப்பதால் உயிருள்ள அந்துப்பூச்சி ஒன்று குறைந்து விடுவதில்லை. ஆனால் சேகரிப்போர் விரும்புவது வித்தி முதிராத இளந்தண்டையே. தண்டு முதிர்ந்தால் புழுவின் உடல் சத்திழந்து தளர்ந்து விடும். விலையும் விழுந்து விடும். ஆகவே வித்தி பரவுவதற்கு முன்னரே தண்டு சந்தைக்குப் போய்விடுகின்றது. அடுத்த தலைமுறைக்குரிய விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதை இஃது ஒக்கும். அன்றியும், ஆயிரக்கணக்கானோர் தங்கும் கூடாரங்களுக்கு விறகு வேண்டும். அதற்காக மலைப்பற்றைகள் வெட்டப்படுகின்றன. கிளறிய மண்ணை மூடாது விட்டால் வேர் காய்கின்றது. வேர் காய்ந்தால், நோயின்றி வாழும் புழுவுக்கும் உணவில்லை. புழு இல்லாவிடில், அதன் மேல் வளரும் பங்கசுக்கும் இடமில்லை. வேர், புழு, பங்கசு, மனிதன் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பானைகளிலே, அடிப்பானை அசைந்தால் மேற்பானை நிலைக்குமோ?

இத்தனை இடருக்கும் ஈடான மருந்து இது தானா என்ற வினாவும் எழவே செய்கின்றது. 2016ஆம் ஆண்டிலே சீன அரசின் உணவு, மருந்து நிருவாகம் இப்பொருளிலே ஆசெனிக்கு என்னும் நஞ்சு, உணவுக்கு வகுத்த அளவைக் கடந்து காணப்படுவதாக எச்சரித்தது. நெடுங்காலம் தொடர்ந்து உண்பது உடலுக்குத் தீங்காகலாம் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். அண்மைக் காலத்தில் சீனத்திலே இதனைக் கட்டடங்களுக்குள் செயற்கையாக வளர்க்கும் முயற்சியும் பயன் தரத் தொடங்கியுள்ளது. அம்முயற்சி பெருகினால் மலைக்கு ஓய்வு கிடைக்கலாம். ஆனால் மலைவாழ் மக்களின் அடுப்புக்கு அப்பொழுது யார் விடை கூறுவர் என்பதும் சேர்த்து எண்ண வேண்டிய செய்தி.

வழி இல்லாமல் இல்லை. பூட்டானிலே 2004ஆம் ஆண்டில் சேகரிப்புக்கு அனுமதி அளித்தபொழுது, மலைவாழ் மக்களுக்கே அனுமதிச் சீட்டு வழங்கி, காலத்தையும் வரையறுத்தார்கள். டானியல் விங்கிளர் என்ற ஆய்வாளர் மிக எளிய யோசனையொன்றைக் கூறியிருக்கின்றார். பருவம் முடிவதற்குச் சில வாரம் முன்னரே சேகரிப்பை நிறுத்தும் நாளொன்றை ஊரார் வகுத்துக் கொள்ள வேண்டும். அதன் பின்னர் எஞ்சியவை முதிர்ந்து வித்தி பரப்பும் என்பதே அது. கடைசி வாரத்துப் பண்டத்துக்கு விலையும் குறைவாதலால், இழப்பும் சிறிது. விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்துவிட்டு எஞ்சியதைக் குத்திய நம் முன்னோருக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றியிராது. தோண்டிய குழியை மண்ணிட்டு மூடிவிடுவது இன்னும் எளிய காரியம். அதற்குச் சட்டம் வேண்டியதில்லை; பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாற் போதும்.

சொல்லிக் கொடுப்பதற்கோ பாடசாலை திறந்திருக்க வேண்டும். அவ்விடத்திலே ஆசிரியத் தொழிலின் கடமை வந்து சேர்கின்றது. பருவ காலத்து விடுமுறையை முன்கூட்டியே வகுத்து, இழந்த நாள்களைப் பின்னர் ஈடு செய்து, மலையிலே கண்டதை வகுப்பிலே பாடமாக்கினால், அந்தப் பிள்ளையின் கூர்மையான கண் மலைக்கும் பயன்படும், ஏட்டுக்கும் பயன்படும். தன் கையிலுள்ள பொருள் ஒரு காலத்தில் மண்ணுக்குள் வேருண்டு வாழ்ந்த உயிர் என்பதையும், அதனுடைய உடன்பிறப்புகளே அந்தியிலே சிறகுடன் எழுகின்றன என்பதையும் அறிந்த பிள்ளை, தோண்டிய குழியைத் திறந்து விட்டுச் செல்லாது என்றே நான் நம்புகின்றேன்.

இனி நம் வீட்டு முற்றத்திலே மண்வெட்டி பிடிக்கும் பொழுது வெள்ளைப் புழு ஒன்று புரண்டு விழுந்தால், நேயர்களே, அதனைக் கோழிக்கு எறியுமுன் ஒரு கணம் நின்று பாருங்கள். அது எந்தச் சிறகின் இளமைக் கோலமோ, எந்த வேரை நம்பி எத்தனை மாதம் அங்கே கிடந்ததோ, நாம் அறியோம். அறிந்து கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த ஒரு கணத்திலே பிள்ளைகளுக்கு உண்டானால், இன்றைய என் பேச்சு பயன் பெற்றதாகக் கொள்வேன்.